என் லேப்டாப்புல ஓடுதே அங்கிள்!

போன சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் மூன்றாவது மாடிப் பெண், கையில் லேப்டாப்புடன் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அவளோடு இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கும் பையன். அவன் கையிலும் ஒரு லேப்டாப். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அங்கிள், திங்கக்கிழமை காலைல ப்ராஜெக்ட் ரிவ்யூ. என் லேப்டாப்புல ப்ரொஜெக்டர் ஒயர் மாட்டுற இடம் வேலை செய்யல. அதனால இவன் லேப்டாப்புலதான் டெமோ காட்டணும். அதுல ஆப் பில்டே ஆக மாட்டேங்குது."

"என் லேப்டாப் புதுசு அங்கிள். எல்லாமே லேட்டஸ்ட்டா போட்டிருக்கேன். இவ எழுதின கோடுலதான் ஏதோ தப்பு இருக்கு" என்றான் பையன்.

"தப்புன்னா என் லேப்டாப்புல மட்டும் எப்படி ஓடும்? நேத்து ராத்திரிகூட ஓடுச்சே அங்கிள்!"

மத்தியானம் மூன்று மணியிலிருந்து இதே சண்டையாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி இறக்கியிருக்கிறான் பையன். டேட்டா தீர்ந்து, அவன் அப்பா போனிலிருந்து ஹாட்ஸ்பாட். மூன்று வருஷ நட்பு ஒரு சிவப்பு எழுத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அவர்கள் செய்திருக்கும் ஆப் என்ன தெரியுமா? வயதானவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப். மாத்திரையின் போட்டோவைக் காட்டி, "இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள்" என்று தமிழில் சொல்லும். அந்தப் பெண்ணின் பாட்டி ஒரு மாதமாக அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். சர்க்கரைக்கு இரண்டு, பிபிக்கு ஒன்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். கோடு எழுதத் தெரியாத அம்மா, அப்பாவாக இருந்தாலும் இதைப் படியுங்கள். நடு இரவில் சிவப்புத் திரையைப் பார்த்து விழிக்கும் பிள்ளைக்கு நீங்களே ஒரு வழி சொல்லலாம்.

பில்ட் என்றால் என்ன?

நாம் ப்ளே ஸ்டோரில் தட்டி இறக்குகிற ஆப் ஒரு பொட்டலம். எழுதிய கோடு, படங்கள், ஒலிகள், வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட உதிரிகள் எல்லாவற்றையும் போனுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றிக் கட்டித் தருகிற வேலைக்குத்தான் பில்ட் என்று பெயர்.

அந்த வேலையை ஒரே ஒரு சாஃப்ட்வேர் செய்வதில்லை. ஒரு கூட்டமே செய்கிறது. இந்தப் பிள்ளைகள் ஃப்ளட்டரில் எழுதியிருந்தார்கள். ஃப்ளட்டர் ஆப் ஒன்று ஆண்ட்ராய்டு போனுக்குப் போக வேண்டுமானால் யார் யார் சேர வேண்டும், பாருங்கள். முதலில் ஃப்ளட்டர். பிறகு வேலைகளை வரிசைப்படுத்தி நடத்தும் மேஸ்திரியான கிரேடில். கிரேடிலுக்கு ஆண்ட்ராய்டு வேலையைக் கற்றுக்கொடுக்கும் பிளகின். கிரேடில் நின்று ஓடுவதற்கான தரை போன்ற ஜாவா. கோட்லின் என்ற மொழியை மொழிபெயர்ப்பவர். எந்த ஆண்ட்ராய்டுக்காகக் கட்டுகிறோமோ அதற்கான எஸ்டிகே. கடைசியாக, அறிவிப்பு காட்டுவதற்கு, ஒலி எழுப்புவதற்கு என்று பிறர் எழுதி வைத்த பேக்கேஜ்கள்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பதிப்பு எண். ஒவ்வொன்றும் தனித்தனி நாளில் புதுசாகிறது. ஒன்றுக்கு இன்னொன்றின் எந்தப் பதிப்பு ஒத்துவரும் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கு எங்கே தப்பினாலும் பில்ட் நிற்கும்.

பழைய ரயில் பயணிகளுக்கு இது சட்டென்று புரியும். ஒரு காலத்தில் சென்னையில் சென்ட்ரல் அகலப் பாதை, எழும்பூர் மீட்டர் கேஜ். ஒன்றில் தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர், இன்னொன்றில் 1,000. சென்ட்ரல் பெட்டியை எழும்பூர் தண்டவாளத்தில் ஏற்ற முடியாது. பெட்டியில் குறையா? இல்லை. தண்டவாளத்தில் குறையா? அதுவும் இல்லை. இரண்டும் நல்லதுதான். சேராது, அவ்வளவுதான்.

பையனும் பெண்ணும் ஆறரை மணி நேரமாகப் பெட்டியா, தண்டவாளமா, எது கெட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிவப்புப் பக்கத்தை எப்படிப் படிப்பது?

பையன் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். மேலிருந்து கீழ் வரை சிவப்பு. கடைசியில் 'பில்ட் ஃபெயில்டு' என்று கொட்டை எழுத்து.

பெரும்பாலானவர்கள் அந்தக் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள். அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். டாக்டரிடம் போனால் "உங்களுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்வது மாதிரி. நாம் தேட வேண்டியது கொஞ்சம் மேலே இருக்கும். கிரேடில் எழுதும் பக்கத்தில் 'வாட் வென்ட் ராங்' என்று ஒரு தலைப்பு வரும். என்ன தப்பாகப் போனது என்று அதற்குக் கீழே இரண்டு மூன்று வரிகளில் சொல்லியிருக்கும். நோய் அங்கேதான் இருக்கிறது.

இவன் பக்கத்தில் அங்கே இருந்தது இது: 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65'.

"65ன்னா என்ன அங்கிள்? நாங்க எங்கயுமே 65 போடலையே?"

அது ஜாவாவின் ரகசிய எண். ஜாவா தயாரிக்கும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு முத்திரை எண் இருக்கும். அதிலிருந்து 44ஐக் கழித்தால் எந்த ஜாவா என்று தெரிந்துவிடும். 52 என்றால் ஜாவா 8. 55 என்றால் 11. 61 என்றால் 17. 65 என்றால் 21. இந்த ஒரு கழித்தல் கணக்கு தெரிந்தால் பாதி இரவு மிச்சம்.

ஆக, செய்தியின் பொருள் இதுதான்: "ஜாவா 21 வந்திருக்கிறது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது." சொல்வது யார்? கிரேடில்.

ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஆண்ட்ராய்டு, அதற்குள் கிரேடில், அதற்குள் ராப்பர் என்று போனால் 'கிரேடில் ராப்பர் பிராப்பர்ட்டீஸ்' என்ற சின்னக் கோப்பு இருக்கும். இந்த ப்ராஜெக்ட்டுக்கு எந்தக் கிரேடில் என்பது அதில்தான் எழுதியிருக்கும். திறந்து பார்த்தோம். 7.5.

கிரேடில் 7.5 வெளிவந்தது 2022 ஜூலையில். ஜாவா 21 பிறந்தது 2023 செப்டம்பரில். தனக்குப் பின்னால் பிறந்த பிள்ளையை அது எப்படி அடையாளம் கண்டுகொள்ளும்? கிரேடில் 7.5க்கு ஜாவா 18 வரைதான் தெரியும். ஜாவா 21ல் ஓட வேண்டுமானால் கிரேடில் 8.5 ஆவது வேண்டும்.

"எனக்கும் 17தான் காட்டுது!"

பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லை அங்கிள், என்கிட்ட ஜாவா 17தான் இருக்கு. லேப்ல போடச் சொன்னாங்க, போட்டேன். பாருங்க" என்று கறுப்புத் திரையைத் திறந்து ஜாவாவின் பதிப்பைக் கேட்டான். 17 என்றுதான் பதில் வந்தது.

பொய் சொல்லவில்லை அவன். ஆனால் பலரும் விழுகிற பள்ளம் இதுதான். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று ஜாவா இருக்க முடியும். கறுப்புத் திரையில் கேட்டால் ஒரு ஜாவா பதில் சொல்லும். பில்ட் வேலைக்கு வேறொரு ஜாவா போய் நிற்கும்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நிறுவும்போது அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு ஜாவா வருகிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஃப்ளட்டர் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். 2024 அக்டோபரில் வந்த லேடிபக் பதிப்பில் அந்த உள்ஜாவா 17லிருந்து 21க்கு மாறியது. அந்தப் பெண் வைத்திருந்தது அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. பையன் போட்டது புதுசு. ஃப்ளட்டரை மட்டும் அவளுடைய பென்டிரைவிலிருந்து அப்படியே காப்பி எடுத்திருந்தான். அதனால் 'ரெண்டு பேர்கிட்டயும் ஒரே ஃப்ளட்டர்தானே, அப்புறம் என்ன வித்தியாசம்?' என்று இருவருமே நினைத்துவிட்டார்கள்.

இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். 'ஃப்ளட்டர் டாக்டர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதோடு ஒரு இடம் விட்டு, மைனஸ் குறியும் ஆங்கில 'வி' எழுத்தும் சேர்த்துத் தட்டினால் விவரமாகச் சொல்லும். ஃப்ளட்டர் எந்தப் பதிப்பு, எஸ்டிகே எங்கே இருக்கிறது, எந்த ஜாவாவை எடுத்துக்கொள்கிறது எல்லாம் வரும். இரண்டு திரையையும் வரி வரியாக ஒப்பிடச் சொன்னேன். அவள் வாசித்தாள், அவன் சரிபார்த்தான். ஏழாவது நிமிஷம் பையன் நிறுத்தினான்.

"ஜாவா வரில எனக்கு 21ன்னு வருது."

"எனக்கு 17" என்றாள் அவள்.

மத்தியானத்திலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

மருந்து சின்னது. புதிதாக எதையும் இறக்க வேண்டியதில்லை. லேப்பில் சொன்னபடி போட்ட ஜாவா 17 அவன் லேப்டாப்பிலேயே சும்மா கிடக்கிறது. 'ஃப்ளட்டர் கான்ஃபிக்' கட்டளையில் 'ஜேடிகே டிர்' என்ற விருப்பத்தைக் கொடுத்து, அந்த ஜாவா 17 இருக்கும் ஃபோல்டரின் முகவரியைச் சொன்னால் போதும். இனி ஃப்ளட்டர் அதைத்தான் எடுக்கும். செய்தோம். மறுபடி ஃப்ளட்டர் டாக்டரைக் கேட்டு, 17 என்று வருவதை உறுதி செய்துகொண்டோம். பில்ட் போட்டோம். 65 போயே போச்சு.

ஒன்று போனால் இன்னொன்று

சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. வேறொரு சிவப்புப் பக்கம்.

"பாத்தீங்களா அங்கிள், இன்னும் சரியாகல!" என்று பையன் தலையில் கை வைத்தான்.

சரியாகவில்லை என்பது தப்பு. முதல் கதவு திறந்து இரண்டாவது கதவுக்கு வந்திருக்கிறோம். பிழைச் செய்தி மாறியிருந்தால் நாம் முன்னேறியிருக்கிறோம் என்று அர்த்தம். அதே செய்தி திரும்ப வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்த முறை செய்தி தெளிவாகவே இருந்தது. ஒரு உதிரி பாகம், "என்னைச் சேர்க்க வேண்டுமானால் எஸ்டிகே 34 வேண்டும்; நீங்கள் 33ஐ வைத்துக் கட்டுகிறீர்கள்" என்றது. 33 என்பது ஆண்ட்ராய்டு 13. 34 என்பது ஆண்ட்ராய்டு 14.

அவள் லேப்டாப்பிலும் 33தான். அங்கே அந்த உதிரி ஏன் வாயைத் திறக்கவில்லை? ஏனென்றால் அங்கே இருந்தது அதன் பழைய பதிப்பு.

ஃப்ளட்டர் ப்ராஜெக்ட்டில் இரண்டு பட்டியல்கள் உண்டு. 'பப்ஸ்பெக் யாம்ல்' என்பது மளிகைச் சீட்டு மாதிரி: "இந்தப் பேக்கேஜ், இந்தப் பதிப்போ அதற்கு மேலோ இருந்தால் சரி." 'பப்ஸ்பெக் லாக்' என்பது கடைக்காரர் கொடுத்த பில் மாதிரி: "வாங்கியது துல்லியமாக இந்தப் பதிப்பு." முதல் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொருவர் இன்னொரு நாள் கடைக்குப் போனால், அன்றைக்கு இருக்கிற புதுச் சரக்குதான் கிடைக்கும்.

"அந்த லாக் ஃபைலை கிட்ஹப்ல ஏத்தினியாம்மா?"

"இல்ல அங்கிள். அது தானா உருவாகுற ஃபைல், தேவையில்லைன்னு விட்டுட்டேன்."

அதுதான் விஷயம். தானாக உருவாகும் கோப்புகளில் தூக்கிப் போட வேண்டியவையும் உண்டு, பத்திரப்படுத்த வேண்டியவையும் உண்டு. பில்ட் ஃபோல்டர் முதல் வகை. லாக் கோப்பு இரண்டாம் வகை. அவள் லேப்டாப்பிலிருந்து அந்த ஒரு கோப்பை எடுத்து இவன் ப்ராஜெக்ட்டில் போட்டோம். பேக்கேஜ்களை மறுபடி எடுக்கச் சொன்னோம். பில்ட்.

இந்த முறை பச்சை டிக். பத்தே முக்கால் மணி. அவன் போனில் ஆப் திறந்து, "மாத்திரை நேரம்" என்று பேசியது. அவள் எழுதிய கோடில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஆறரை மணி நேரம் ஏன் வீணானது?

அவனைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான்.

முதலில் 'ஃப்ளட்டர் க்ளீன்' போட்டான். அது பழைய பில்ட் குப்பையைக் கூட்டித் தள்ளும். நல்ல பழக்கம்தான். ஆனால் எந்த ஜாவா என்பதை அது மாற்றாது.

பிறகு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை அழித்து மறுபடி போட்டான். மறுபடியும் அதே புதிய பதிப்பு, அதே உள்ஜாவா 21. வாசலில் போய் மணியடித்துவிட்டு அதே வீட்டுக்குள் வருவது போல.

அடுத்து, இணையத்தில் கிடைத்த வரிகளை எடுத்து ஒட்டினான். ஒருவர் கிரேடிலை மாற்று என்றார், இன்னொருவர் கோட்லினை மாற்று என்றார். எது எந்த வருஷத்து ஆலோசனை என்று பார்க்கவில்லை. நல்லவேளை, அவள் கிட்ஹப்பில் வைத்திருந்ததால் அந்த ஒட்டுகளையெல்லாம் ஒரே கட்டளையில் திருப்பிப் போட முடிந்தது.

மருந்து தேடுமுன் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். 'ஓடுகிற இடத்துக்கும் ஓடாத இடத்துக்கும் என்ன வித்தியாசம்?' ஒரே லேப்டாப் என்றால், 'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. நடுவில் எது மாறியது?' யார் தப்பு என்ற கேள்விக்கு இதில் இடமே வராது.

இன்னும் சில சிவப்புச் செய்திகள்

உங்கள் பிள்ளைகள் சந்திக்கக்கூடிய வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாமே இதே குடும்பம்.

• 'ஜாவா 17 வேண்டும், நீங்கள் 11ஐப் பயன்படுத்துகிறீர்கள்': ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.0 வந்ததிலிருந்து அதற்கு ஜாவா 17 கட்டாயம். நம் கதைக்கு நேர் எதிர். இங்கே ஜாவா பழசு, ப்ராஜெக்ட் புதுசு.

• 'நேம்ஸ்பேஸ் குறிப்பிடப்படவில்லை': அதே 8.0 முதல், ஆப்பின் நேம்ஸ்பேஸை பில்ட் கோப்பில் எழுதியாக வேண்டும். பழைய பேக்கேஜ்கள் சில அப்படி எழுதியிருக்காது. அந்தப் பேக்கேஜுக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

• 'எஸ்டிகே இருக்கும் இடம் தெரியவில்லை': 'லோக்கல் பிராப்பர்ட்டீஸ்' என்ற கோப்பில் அந்தந்தக் கம்ப்யூட்டரின் முகவரி இருக்கும். நண்பருடைய கோப்பை காப்பி செய்தால், நண்பர் வீட்டு முகவரியை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டைத் தேடும். இதைப் பகிரவே கூடாது.

• 'லைசென்ஸ் ஏற்கப்படவில்லை': புது லேப்டாப்பில் சகஜம். ஃப்ளட்டர் டாக்டரே, எந்தக் கட்டளையைத் தட்டி ஒப்புதல் தர வேண்டும் என்று சொல்லிவிடும்.

• ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால்: விண்டோஸில் ப்ராஜெக்ட் இருக்கும் பாதையில் தமிழ் எழுத்து இருந்தால் ஆண்ட்ராய்டு பில்ட் நின்றுவிடும். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆப்புக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் தமிழ் இருக்கட்டும். ஃபோல்டர் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

பழசிலேயே இருந்துவிடலாமா?

பையன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "அப்போ புதுசு போடவே கூடாதா அங்கிள்?"

போட வேண்டும். திங்கள்கிழமை ரிவ்யூ என்றால் சனிக்கிழமை ராத்திரி போடக் கூடாது, அவ்வளவுதான். அவசரத்தில் இருக்கும்போது ப்ராஜெக்ட்டைத் தொடாமல், சூழலை ப்ராஜெக்ட்டுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். நாங்கள் செய்தது அதுதான். ரிவ்யூ முடிந்து மனசு அமைதியான நாளில் ப்ராஜெக்ட்டைப் புதுப்பியுங்கள்.

புதுப்பிக்காமல் காலம் தள்ளவும் முடியாது. ப்ளே ஸ்டோர் ஒவ்வொரு வருஷமும் கோட்டை உயர்த்துகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல், புதிதாக ஏற்றும் ஆப்களும் அப்டேட்களும் ஆண்ட்ராய்டு 15ஐ, அதாவது எஸ்டிகே 35ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும். கல்லூரி ப்ராஜெக்ட்டோடு நிற்காமல் நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் இந்தப் படியை ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறும்போது ஒரு நேரத்தில் ஒரு படி. ஓடுகிற நிலையை முதலில் கிட்ஹப்பில் பத்திரப்படுத்துங்கள். கிரேடிலை உயர்த்துங்கள், பிளகினை உயர்த்துங்கள், பிறகு கோட்லின், பிறகு பேக்கேஜ்கள். எந்தப் பிளகினுக்கு எந்தக் கிரேடில் வேண்டும் என்ற அட்டவணை ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பில்ட் போட்டுப் பார்த்து, ஓடினால் சேமியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உயர்த்தினால், எது கோளாறு செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

கிளம்பும் முன் அவர்களை உட்கார வைத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். ப்ராஜெக்ட்டின் 'ரீட்மி' கோப்பிலேயே. ஃப்ளட்டர் பதிப்பு என்ன, ஜாவா பதிப்பு என்ன, அது எந்த இடத்திலிருந்து வருகிறது, கிரேடில், ஆண்ட்ராய்டு பிளகின், கோட்லின், எஸ்டிகே எண்கள் என்ன, கடைசியாக எந்தத் தேதியில் எந்த லேப்டாப்பில் ஓடியது. பத்து வரிகூட வராது. அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் இந்த ப்ராஜெக்ட்டை எடுத்தால் அவனுக்கு ஆறரை மணி நேரம் மிச்சம்.

அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். பேச்சு சகஜமாகிவிட்டது.

லேப்டாப்பை மூடும்போது பையன் சொன்னான்: "இப்போ என் லேப்டாப்புலயும் ஓடுது. பாட்டி போன்ல இதையே ஏத்திடலாமா?"

"வேண்டாம் தம்பி" என்றேன் அவசரமாக.

பாட்டி விஷயத்தில் இன்னொரு பொருந்தாமை காத்திருக்கிறது. இப்படிச் சோதனைக்காகக் கட்டும் ஆப்புக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னுடைய முத்திரையைக் குத்துகிறது. பாட்டி போனில் இருப்பது அவள் லேப்டாப் முத்திரை. அதன் மேல் இவன் முத்திரையோடு வந்தால் போன் ஏற்றுக்கொள்ளாது. சரி, பழசை அழித்துவிட்டுப் புதுசைப் போடலாமே என்று தோன்றும். அழித்தால், போனில் சேமித்து வைத்த மாத்திரை நேரங்களும் சேர்ந்து போய்விடும். பாட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரையை யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். "அப்போ பாட்டி போனுக்கு என் லேப்டாப்லேர்ந்தே போகட்டும் அங்கிள். அதையும் ரீட்மில எழுதிடறேன்" என்றாள்.

படியில் இறங்கிப் போகும்போது பையன் குரல் கேட்டது. "சாரி. உன் கோடுல தப்புன்னு சொல்லிட்டேன்."

"நானும்தான் சொன்னேன். விடு. முதல்ல உங்கப்பா ஹாட்ஸ்பாட்டை ஆஃப் பண்ணு!"

உங்கள் வீட்டிலும் ஒரு சிவப்புப் பக்கம் தூக்கத்தைக் கெடுக்கிறதா? கடைசி வரியை விட்டுவிட்டு, 'வாட் வென்ட் ராங்' கீழே இருக்கும் மூன்று வரிகளையும், ஃப்ளட்டர் டாக்டர் சொன்னதையும் எழுதி அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம். அடுத்த வாரம் சந்திக்கலாம்.